கென்யாவில் டிவி தொகுப்பாளராக இருக்கும் தோழி, வேலையை விட்டு இங்கிலாந்தில் எம்பிஏ படிக்கப் போகலாமா?

நைரோபி எடிட்டர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நைரோபியில் ஒரு தனியார் டிவி சேனலில் எடிட்டராக இருக்கிறேன். கேள்வி எனக்காக இல்லை, கூட வேலை பார்க்கும் ஒரு கென்யப் பெண்ணுக்காக. வயது 27, எங்கள் காலை நிகழ்ச்சியின் தொகுப்பாளர். கல்லூரி முடித்ததும் ஒரு எஃப்எம்மில் சேர்ந்து அங்கிருந்து டிவிக்கு வந்தவர். இன்றைக்கு மட்டாட்டுவில் ஏறினால் கண்டக்டர் காசு வாங்க மாட்டேன் என்கிற அளவுக்குத் தெரிந்த முகம்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்பிஏ இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடப் படிப்பு, செப்டம்பரில் தொடக்கம். கட்டணத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. மீதிக்கு அவருடைய சேமிப்பு, மாமா ஒருவர் தருவதாகச் சொன்ன தொகை, அப்புறம் ஹராம்பே. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறது என்றால் உறவுக்காரர்கள், சர்ச், பள்ளித் தோழர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் போடுவது இங்கே பழைய வழக்கம். 1959-ல் இங்கத்திய தொழிற்சங்கத் தலைவர் டாம் ம்போயா முதல் விமானத்தில் மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிய காலத்திலிருந்தே இருக்கிறது. இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவும், கைபேசியிலேயே பணம் வாங்க ஒரு எம்பெசா எண்ணும் இருந்தால் போதும்.

ஏன் எம்பிஏ என்றால், கடந்த இரண்டு வருடத்தில் இங்கே டிவி பட்ட பாட்டை நேரில் பார்த்தவர் அவர். 2024 மார்ச்சில் அரசு விளம்பரம் எல்லாம் இனி கேபிசிக்கு மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. கேபிசி அரசு ஒளிபரப்பு நிறுவனம், தனியார் சேனல்களுக்கு அதுவரை பெரிய வருமானமே அரசு விளம்பரம்தான். அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தை 30 நாள் நிறுத்தி வைத்தார்கள். இங்கே டிவியைப் போட்டாலே பந்தய விளம்பரம்தான் ஓடும், அதனால் அந்த அடி எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் நிகழ்ச்சியின் ஸ்பான்சர் அந்தச் சமயத்தில் விலகினார். ஒரு மீட்டிங் நடந்தது, இவரையும் உட்கார வைத்தார்கள். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "என் நிகழ்ச்சியைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினார்கள், எனக்குப் பாதி புரியவில்லை. யாருக்கு எவ்வளவு போகிறது, எனக்கு ஏன் இவ்வளவுதான் வருகிறது என்று கேட்கக்கூடத் தெரியவில்லை."

சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்க வேண்டும், தன் நிகழ்ச்சி தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நிர்வாகமோ விடுப்பு தர மாட்டோம், திரும்பி வந்தால் பார்க்கலாம் என்கிறது. அம்மாவுக்கு ஒரே பயம், ஒரு வருடம் திரையில் இல்லாவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று.

இந்தியர்களுக்கு வெளிநாட்டுப் படிப்பு பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பி என்னிடம் கேட்டார். நான் பாலிடெக்னிக் ஆள். இங்கே பல நாட்டில் படித்தவர்களும் ஆப்பிரிக்காவில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

லீட்ஸ்வாசி பதில்:

வணக்கம் அண்ணா. நான் இங்கே படித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். போகலாமா வேண்டாமா என்பதற்குள் போவதற்கு முன், உங்கள் தோழி போன்றவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்டுகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, கேளிக்கைத் துறையில் தொழில்முறைக் கலைஞராக வேலை பார்க்கவும் கூடாது. கடையில் பில் போடலாம், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு கென்யச் சங்க விழாவைத் தொகுத்து வழங்கினால் சிக்கல். இன்ஸ்டாகிராமில் ஒரு சோப்பு கம்பெனிக்குப் பணம் வாங்கி வீடியோ போட்டாலோ, யூடியூப் சேனலில் வருமானம் வந்தாலோ, அதையும் சுயதொழிலாகத்தான் பார்ப்பார்கள். "நான் கென்யா கம்பெனிக்குத்தானே செய்கிறேன், பணம் கென்யா கணக்கில்தானே விழுகிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இப்போது விளம்பர ஒப்பந்தம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் விமானம் ஏறும் முன் முடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு சுயதொழில் செய்யலாம். ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த விசா இரண்டு வருடம் கிடையாது, 18 மாதம்தான்.

அடுத்தது பணம். கட்டணம் போக வாழ்க்கைச் செலவுக்குத் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாதத்துக்கு, அதாவது 10,539. லண்டன் என்றால் மாதம் 1,529. இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விசா நிராகரிப்புதான். மருத்துவத்துக்கு வருடம் 776 பவுண்ட் முன்கூட்டியே கட்ட வேண்டும். கென்யாவில் இருந்து வருபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு.

முக்கியமான விஷயம், மாமா கணக்கில் இருக்கும் பணம் செல்லாது. தன் பெயரில் அல்லது அப்பா அம்மா பெயரில் இருக்க வேண்டும். ஹராம்பே பணமும் அப்படித்தான், வசூல் முடிந்து அவர் கணக்குக்கு வந்து 28 நாள் ஆக வேண்டும். வசூலைக் கடைசி மாதத்தில் வைத்துக்கொண்டால் விசா கைநழுவும்.

லாகோஸ் கணக்கர் பதில்:

தம்பி, நான் பல வருடமாக நைஜீரியாவில் இருக்கிறேன், ஊடக நிறுவனங்களின் கணக்கும் பார்த்திருக்கிறேன். என் கருத்து: கடன் வாங்கிப் போக வேண்டாம்.

காரணம் நாணயம். 2023 ஜூனில் நைஜீரிய மத்திய வங்கி இங்கத்திய நாணயமான நைராவின் மாற்று விகிதக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதற்கு முன் டாலருக்கு 460, 470 என்று இருந்தது, அடுத்த மார்ச்சுக்குள் 1,500-ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அதே நைரா, அங்கே கட்ட வேண்டிய தவணை மூன்று மடங்கு. தவணை கட்ட முடியாமல் பல்கலைக்கழகத்தில் இருந்து நீக்கப்பட்டு, விசா போய், திரும்பி வந்தவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதற்காக வீட்டை விற்றது. கென்ய ஷில்லிங்கும் 2024 தொடக்கத்தில் டாலருக்கு 160 வரை போய்த்தான் திரும்ப 130-க்கு வந்தது. இப்போது அமைதியாக இருக்கிறது, சரி. ஆனால் ஷில்லிங்கில் வசூலித்துப் பவுண்டில் கட்டுகிறவர் அந்த அமைதியை நம்பி இறங்கக் கூடாது. போவதென்றே முடிவு செய்தால் முழுக் கட்டணமும் கையில் இருக்கும்போது போகட்டும், முதல் தவணையை மட்டும் கட்டிவிட்டுப் போக வேண்டாம்.

இன்னொன்று. சொந்த நிறுவனம்தான் குறிக்கோள் என்றால் நைஜீரியாவின் பெரிய டிவி தயாரிப்பாளர் மோ அபுடு வந்த வழியைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் திரைக்கு வரும் முன்பே எக்ஸான்மொபிலில் மனிதவளத் துறையில் இருந்தவர், லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனிதவள மேலாண்மை முதுகலை படித்தவர். சம்பளப் பட்டியல், ஒப்பந்தம், ஆள் நிர்வாகம் எல்லாம் கையில் பழகிய பிறகு, 40 வயதுக்குப் பிறகுதான் டாக் ஷோ. 2013-ல் எபோனிலைஃப் சேனல், 2020-ல் நெட்ஃபிளிக்ஸுடன் பல படைப்புகளுக்கான ஒப்பந்தம். அவரை நிலைநிறுத்தியது நிர்வாகம் தெரிந்ததுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன், அதை அவர் வேலையிலும் கற்றார், வகுப்பிலும் கற்றார்.

லாகோஸில் சின்னத் தயாரிப்பாளர்கள் சேனலில் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, தாங்களே விளம்பரம் பிடித்து நிகழ்ச்சியை ஓட்டுவார்கள். 13 வாரம் ஒரு நிகழ்ச்சியை இப்படி ஓட்டிப் பார்த்தால், எங்கே காசு ஒழுகுகிறது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித்தர முடியாத அளவுக்குத் தெரிந்துவிடும். அந்தச் செலவு எம்பிஏவில் ஒரு சின்னப் பங்குதான்.

செய்தியாளன் பதில்:

லாகோஸ் அண்ணன் சொன்னதில் கடன் பற்றிய பகுதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 13 வாரம் ஓட்டிப் பார் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், கீழே சொல்கிறேன்.

உங்கள் தோழிக்குத் தெரியாமல் இருக்காது, லாரி மடோவோ. அவரும் கென்யத் தொகுப்பாளர்தான். கென்யாவின் என்டிவி சேனலில் இருந்தபோது, 2018 ஜனவரி 30-ல் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா 'மக்கள் அதிபர்' என்று தானே பதவி ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியைக் காட்டியதற்காக அரசு சேனல்களை முடக்கியது. கைது செய்வார்கள் என்ற பேச்சில் அலுவலகத்திலேயே இரவு தங்கிய மூன்று பத்திரிகையாளர்களில் இவரும் ஒருவர். அதே வருடம் பிபிசிக்குப் போய் ஆப்பிரிக்க வணிகச் செய்திப் பிரிவின் ஆசிரியரானார். அந்தப் பதவியில் இருக்கும்போதுதான் 2019-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார், நைட்-பேஜட் ஃபெலோஷிப்பில். 1975 முதல் நடக்கும் திட்டம், அனுபவமுள்ள செய்தியாளர்களுக்கானது. ஒரு கல்வியாண்டு முழுக்க கொலம்பியாவின் பிசினஸ் ஸ்கூல், சட்டப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கணக்கியல், நிதி எல்லாம் படிக்கலாம், கட்டணம் அவர்களே கட்டி உதவித்தொகையும் தருவார்கள். அவர் அங்கேயே முதுகலைப் பட்டமும் முடித்தார்.  படிப்பு முடிந்து பிபிசியின் வட அமெரிக்கச் செய்தியாளர், 2021-ல் சிஎன்என், திரும்ப நைரோபி.

திரையை விட்டுப் போனால் மறந்துவிடுவார்கள் என்கிற அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் இதில் முக்கியமான பாடம் வேறு, அவர் தன் காசில் போகவில்லை. உங்கள் தோழி செய்தி வாசிப்பவரா, பொழுதுபோக்கு நிகழ்ச்சியா என்று தெரியவில்லை. காலை நிகழ்ச்சி என்றால் கொலம்பியா கொஞ்சம் கஷ்டம்.

செவனிங் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை, 1983 முதல் இருக்கிறது, கென்யாவுக்கும் உண்டு. ஒரு வருட முதுகலை, விமானக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் சேர்த்து. 2,800 மணி நேரம் வேலை அனுபவம் வேண்டும், ஏறக்குறைய இரண்டு வருடம், அது அவரிடம் தாராளமாக இருக்கும். முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும், நைரோபியில் நிறுவனம் தொடங்கப் போகிறவருக்கு இது ஒரு நிபந்தனையே இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: எம்பிஏ என்றால் கட்டணத்தில் ஒரு வரம்பு வரைதான் தருவார்கள், மீதி நம் தலையில். ஆக்ஸ்போர்டு எம்பிஏ 80 ஆயிரம் பவுண்டுக்கு மேல், அந்த வரம்பு எட்டவே எட்டாது. ஆனால் விண்ணப்பத்தில் மூன்று படிப்புகள் போட வேண்டும், அதில் ஒன்று எம்பிஏ, மற்ற இரண்டும் மீடியா மேனேஜ்மெண்ட் மாதிரி முதுகலை என்று போடலாம். வெஸ்ட்மின்ஸ்டரில் அப்படி ஒரு எம்ஏ இருக்கிறது. ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர் ஒப்பந்தம், ஸ்ட்ரீமிங் கணக்கு, இவைதான் அவருக்கு வேண்டியவை. பொது எம்பிஏவில் தொழிற்சாலை உற்பத்தியும் சரக்குப் போக்குவரத்தும் சேர்த்துப் படிக்க வேண்டி வரும்.

13 வாரம் பற்றி: கையில் காசு உள்ள ஒருவர் நேரம் வாங்கிப் பார்க்கலாம், நட்டம் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். 27 வயதில், சேமிப்பு முழுவதையும் வைத்து, பந்தய விளம்பரத்துக்கு ஒரு உத்தரவு வந்தால் ஆடிப்போகும் சந்தையில் இறங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அமேசான் பிரைம்கூட 2024 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் புதுத் தயாரிப்புகளை நிறுத்தியது. பெரிய பெரிய ஆட்கள் கணக்குப் போட்டு ஒதுங்கும்போது, அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்துகொண்டு இறங்குவதுதான் முதல் வேலை.

நைரோபி எடிட்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. லீட்ஸ் தங்கை சொன்ன சுயதொழில் விஷயத்தை இன்று மதியம் அவரிடம் சொன்னேன், முகம் மாறிவிட்டது. தலைமுடிப் பராமரிப்புப் பொருள் ஒன்றுக்கு மாதாமாதம் வீடியோ போடும் ஒப்பந்தம் இருக்கிறது, அதிலும் ஆன்லைன் வருமானத்திலும்தான் அங்கே வாடகை கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தாராம். இங்கே தொகுப்பாளர்களின் சம்பளம் வெளியே நினைப்பது போல் பெரிதல்ல, கம்பெனி விழா, கல்யாணம் என்று எம்சி வேலையிலும் விளம்பரத்திலும்தான் பாதி வருமானம். அது முழுக்க நின்றுவிடும் என்றால் கணக்கே வேறு.

மாமா பணத்தை அம்மா கணக்குக்கு மாற்றினால் போதுமா? அம்மா முழுக்க எம்பெசாவில்தான் புழங்குகிறார், வங்கிக் கணக்கு சும்மா கிடக்கிறது.

லீட்ஸ்வாசி பதில்:

போதும் அண்ணா, ஆனால் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். அம்மா மகள் உறவுக்குப் பிறப்புச் சான்றிதழும், இந்தப் பணத்தை மகள் படிப்புக்குப் பயன்படுத்தலாம் என்று அம்மா எழுதிய கடிதமும் வேண்டும். திடீரென்று பெரிய தொகை விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரலாம், மாமாவிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்தை மறந்துவிடுவார்கள் என்ற பேச்சைப் பெண் தொகுப்பாளர்களிடம்தான் அதிகம் சொல்கிறார்கள். திரையில் பெண்களுக்கு வயதாவதைச் சேனல்கள் எப்படிப் பார்க்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இன்னும் ஐந்தாறு வருடம் அதே சோபாவில் உட்கார்ந்திருந்தால் மட்டும் மறக்காமல் வைத்திருப்பார்களா? 24 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வருவார்கள். அதற்கு முன் நிகழ்ச்சியின் உரிமை தன் பெயரில் வர வேண்டும் என்று அவர் நினைக்கிறார் என்றால், அந்தப் பெண்ணுக்கு நல்ல புத்தி இருக்கிறது. தயவுசெய்து யாரும் அவரைப் பயமுறுத்த வேண்டாம்.

கேப்டவுன்காரி பதில்:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் இங்கிலாந்து, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். வெளிநாடு என்றால் ஆப்பிரிக்காவிலும் வெளிநாடு இருக்கிறது.

கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல் 1964 முதல் இருக்கிறது, துறைமுகம் பக்கத்தில் பழைய சிறைச்சாலைக் கட்டிடத்தில். அங்கே மாடுலர் எம்பிஏ உண்டு, இரண்டு வருடம், வேலையை விடாமல் குறிப்பிட்ட வாரங்களில் மட்டும் வந்து படித்துவிட்டுப் போகலாம். ருவாண்டாவில் ஆப்பிரிக்கன் லீடர்ஷிப் பல்கலைக்கழகத்தின் எம்பிஏவும் அதே மாதிரி, பெரும்பகுதி ஆன்லைனில், இடையிடையே கிகாலியில் வகுப்பு. நைரோபியிலேயே ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகம் இருக்கிறது. திரையை விட வேண்டாம், வருமானம் நிற்காது.

இதைச் சொல்வதற்குக் காரணம், அவருடைய வியாபாரம் எங்கே நடக்கப் போகிறது என்பதுதான். ஆப்பிரிக்காவின் பெரிய கட்டண டிவி நிறுவனம் மல்டிசாய்ஸ் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது, 2025 செப்டம்பரில் பிரான்சின் கனால் பிளஸ் அதை வாங்கி முடித்தது. இனி கிழக்கு ஆப்பிரிக்காவில் யாருக்கு நிகழ்ச்சி விற்பது, என்ன விலைக்கு, ஸ்வாஹிலியில் எவ்வளவு வாங்குவார்கள் என்பதை முடிவு செய்பவர்கள் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். இங்கே வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் லுசாகாவில் வங்கி மேலாளராக இருப்பார், அக்ராவில் விளம்பர நிறுவனம் நடத்துவார். பின்னால் ஸ்பான்சர் தேடும்போது கூப்பிட இந்த எண்கள்தான் உதவும். இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்தால் கிடைக்கும் நட்பு நல்லதுதான், ஆனால் அவர்களில் எத்தனை பேர் நைரோபியில் விளம்பரம் கொடுப்பார்கள்?

அவருக்கு ஊரை விட்டு ஒரு வருடம் விலகி இருந்து படிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசை இருந்தால் அதுவும் நியாயம்தான். தினமும் காலை 4 மணிக்கு எழுந்து ஒப்பனை போட்டுக்கொள்ளும் வேலையோடு எம்பிஏ படிப்பது கொடுமை, பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லாகோஸ் கணக்கர் பதில்:

செய்தியாளன் தம்பி சொன்ன செவனிங் வழியாக முழுப் பணமும் வருகிறது என்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை, சந்தோஷமாகப் போகட்டும். நான் கடனுக்குத்தான் பயப்படுகிறேன். ஹராம்பேயும் ஒருவகையில் கடன்தான் என்பதை மறக்க வேண்டாம், திரும்பி வந்ததும் கொடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இவர் கொடுக்க வேண்டும், டிவியில் வருகிறவர் என்பதால் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள்.

நைரோபி எடிட்டர்:

நேற்று அவரும் அவர் அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசினோம், நீங்கள் எழுதியதை எல்லாம் ஸ்வாஹிலியில் சொல்லிக் காட்டினேன். அவர் முடிவு இது. இந்த செப்டம்பருக்குப் போகவில்லை. டெபாசிட் இன்னும் கட்டவில்லை, நல்லவேளை. இடத்தை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் செவனிங் விண்ணப்பம் திறந்ததும் போடுவார், ஒரு எம்பிஏ, இரண்டு மீடியா மேனேஜ்மெண்ட். கிடைக்காவிட்டால் கேப்டவுன் மாடுலர். ஹராம்பேயை இப்போதைக்கு வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். முடிப்பொருள் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கும்போது இடையில் நிறுத்தி வைக்க ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். செவனிங்குக்கு இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். இப்போதைய மேலதிகாரியிடம் கேட்டால் போகப்போகிறார் என்று இப்போதே தெரிந்துவிடும், நிகழ்ச்சியில் இருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். வேறு யாரிடம் வாங்கலாம்?

செய்தியாளன் பதில்:

இப்போதைய மேலதிகாரிதான் வேண்டும் என்று இல்லை. பழைய எஃப்எம் நிலைய மேலாளர் ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் போதும். உறவினர் எழுதக் கூடாது. நேர்முகத்துக்குத் தேர்வான பிறகுதான் கடிதம் கேட்பார்கள், ஆனால் இருவரிடமும் இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள், கடைசி வாரத்தில் பேராசிரியரைப் பிடிக்க முடியாது. விண்ணப்பத்தில் தலைமைத்துவம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதில் ஸ்பான்சர் போன அந்த மீட்டிங்கைப் பற்றி எழுதட்டும்.